தீனிப்பை ஆபரேஷன் ஆன கோழியைத் தேற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீனிப்பை அடைத்துப்போய் ஆபரேஷன் செய்த கோழியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் முக்கால்வாசி ஒரே மாதிரிதான் இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

நான் பார்த்தவரை, ஆபரேஷனைத் தாங்கிக்கொண்ட கோழி பிறகு சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் தீனி விஷயத்தில்தான். பாவம் என்று நினைத்து அதிகமாக, சீக்கிரமாக ஊட்டிவிடுகிறோம். அதனால் கீழே பல பதில்கள் சுற்றிச்சுற்றி அங்கேயே வந்து நிற்கும். உங்கள் கோழியைக் கையால் தொட்டுப் பார்த்த மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

தீனிப்பை எங்கே இருக்கு? ஆபரேஷன்ல என்னதான் பண்ணாங்க?

கழுத்து நெஞ்சோடு சேரும் இடத்தில், கோழியின் வலப்பக்கமாக, தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. உணவுக்குழாய்தான் அந்த இடத்தில் விரிந்து பையாகியிருக்கிறது. கொத்தியதெல்லாம் முதலில் இங்கே சேர்ந்து ஊறும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றுக்கும், சிறுகற்களை வைத்துக்கொண்டு தீனியை அரைக்கும் அரவைப்பைக்கும் இறங்கும். நீளமான புல், வைக்கோல், நூல், பிளாஸ்டிக் துண்டு போன்றவை உள்ளே போய்ச் சுருண்டு பந்தாகிவிட்டால் எதுவும் கீழே இறங்காது.

மருத்துவர் முதலில் தோலை வெட்டி, அதற்கடியில் பையின் சுவரையும் வெட்டி, உள்ளே இருப்பதை எடுத்துக் கழுவி, இரண்டையும் தனித்தனியாகத் தைத்திருப்பார். உங்கள் கண்ணுக்குத் தெரிவது மேல் தையல் மட்டும். பையின் தையல் உள்ளே இருக்கிறது. பையில் ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் சீக்கிரம் கூடிவிடும். ஆனால் அதன் சுவர் மெல்லியது. அது கூடுவதற்குள் பையை நிரப்பி விரியவைத்தால் தையல் பிரியும். தீனியில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்றால் இதற்குத்தான்.

இன்னைக்குத்தான் கூட்டிட்டு வந்தோம். எங்கே வைக்கறது?

வீட்டுக்குள், சத்தமில்லாத, வெளிச்சம் குறைந்த ஒரு மூலையில், பெட்டியிலோ கூண்டிலோ வையுங்கள். தரை சமமாக இருக்கட்டும். ஏறி உட்காரும் கம்பு வேண்டாம், குதித்து இறங்கும்போது தையல் இழுபடும். கீழே வைக்கோல், உமி, மரத்தூள் எதுவும் போடாதீர்கள். வந்த வியாதியே அப்படி எதையாவது தின்றதால் வந்திருக்கலாம். நூல் பிரியாத துணியோ காகிதமோ விரித்து, அழுக்காக ஆக மாற்றுங்கள். டவல் விரிப்பவர்கள் ஓரத்தில் நூல் தொங்குகிறதா என்று பாருங்கள், கோழி அதைப் புழு என்று இழுத்து விழுங்கிவிடும்.

கோழியின் உடல் வெப்பம் இயல்பாகவே 41 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் இருக்கும். மயக்க மருந்து, வயிற்றில் தீனி இல்லாமை இரண்டும் சேர்ந்தால் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதனால் முதல் இரண்டு மூன்று நாள் பெட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் 26 முதல் 29 டிகிரி வரை வெதுவெதுப்பாக வைத்திருங்கள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கினால் குளிர்கிறது. வாயைத் திறந்து மூச்சுவிட்டு, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தால் சூடு அதிகம். சூடு வேண்டாமென்றால் அது நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் இருக்கவேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. ஒட்டாத பூச்சுள்ள பாத்திரம் அதிகம் சூடேறினால் வரும் புகை பறவைகளைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். சில வெப்ப விளக்குகளின் கண்ணாடியிலும் அதே பூச்சு இருக்கிறது. கோழியைச் சமையலறையில் வைக்கவே வேண்டாம்.

எப்போ தீனி வைக்கலாம்? பசியோட பார்க்குது, மனசு கேக்கல.

பெரும்பாலான மருத்துவர்கள் முதலில் தண்ணீர் மட்டும் கொடுக்கச் சொல்லி, 12 முதல் 24 மணி நேரத்துக்குள் கூழ் பதத்தில் கொஞ்சமாகத் தீனி ஆரம்பிக்கச் சொல்வார்கள். உங்கள் மருத்துவர் நேரம் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. சொல்லவில்லை என்றால் போன் செய்து கேளுங்கள், ஊகிக்காதீர்கள். பல நாள் தின்னாமல் மெலிந்து வந்த கோழியை நீண்ட நேரம் பட்டினி போடுவதும் ஆபத்து.

ஆரம்பித்த பிறகு ஒரே விதி: கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. இரண்டு கிலோ எடையுள்ள கோழிக்கு ஒரு தடவைக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி. பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. கிண்ணத்தை உள்ளேயே வைத்துவிட்டுப் போகாதீர்கள். கோழிக்குத் தானாக அளவு தெரியாது, கிண்ணம் காலியாகும்வரை கொத்தும். முந்தின வேளை தீனி இறங்கியிருக்கிறது என்று தெரிந்தால் மட்டுமே அடுத்த வேளை.

பார்வையைத் தாங்க முடியவில்லை என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அது பசியோடு பார்ப்பது நல்ல செய்தி. பசியே இல்லாமல் கண்ணை மூடிக் கிடந்தால்தான் கவலைப்படவேண்டும்.

என்ன தீனி கொடுக்கறது? வழக்கமா போடற தானியத்தையே ஊறவெச்சுக் கொடுக்கலாமா?

வேண்டாம். முழுத் தானியம் ஊறினாலும் அரவைப்பைக்குப் போய்த்தான் அரைபடும். முதல் வாரம் தூள் தீவனத்தை மட்டும், ஒரு பங்குக்கு இரண்டு மூன்று பங்கு வெதுவெதுப்பான நீர் விட்டு, கரண்டியிலிருந்து வழியும் பதத்துக்குக் கரையுங்கள். குஞ்சுத் தீவனம் இதற்குத் தோதானது. துகள் சிறியது, புரதம் அதிகம், சுண்ணாம்புச் சத்து ஒரு சதவீத அளவில்தான் இருக்கும். முட்டைக்கோழித் தீவனத்தில் அது நாலு சதவீதம் வரை போகும். முட்டையிடாமல் படுத்திருக்கும் கோழிக்கு அவ்வளவு தேவையில்லை. வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை மசித்து அதோடு கலக்கலாம், மெலிந்த கோழிக்கு நல்லது.

ரொட்டி, பிசைந்த மாவு போன்றவை பைக்குள் பிசின்போல் ஒட்டும். கீரை, புல், காய்கறித் தோல் எல்லாம் நார். இவை மூன்று வாரத்துக்குக் கண்ணில் படவே கூடாது. கரைத்த தீவனம் சீக்கிரம் புளித்துவிடும், ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் கரைத்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

எல்லாம் சரியாக இறங்கினால் இரண்டாவது வாரத்தில் பதத்தைக் கெட்டியாக்கி அளவைக் கூட்டலாம். நல்ல நிலையிலுள்ள முட்டைக்கோழி நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். அந்த அளவுக்கு வந்து சேர அவசரப்படாதீர்கள்.

தண்ணியே குடிக்க மாட்டேங்குது. சிரிஞ்ச்ல வாய்க்குள்ள ஊத்தலாமா?

வாய்க்குள் ஊற்றவேண்டாம். கோழியின் நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாய் திறந்திருக்கும். வேகமாக ஊற்றினால் தண்ணீர் நேராக அதற்குள் போகும், கோழி நம் கையிலேயே இறந்துவிடும்.

ஊசி இல்லாத சிரிஞ்சால் அலகின் ஓரத்தில், மேல் அலகும் கீழ் அலகும் சேரும் கோட்டில், ஒரு சொட்டு வையுங்கள். சொட்டு அந்தக் கோட்டில் ஓடி அலகுக்குள் இறங்கும். கோழி அலகை இரண்டு மூன்று தடவை மெதுவாக அசைத்து, தலையைத் தூக்கி, தொண்டை ஏறி இறங்க விழுங்கும். அதைப் பார்த்த பிறகு அடுத்த சொட்டு. சில சொட்டுகளில் ருசி கண்டு, பக்கத்திலிருக்கும் கிண்ணத்தில் தானே குடிக்க ஆரம்பிக்கும் கோழிகள் நிறைய. அரை நாளுக்கு மேல் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள், தோலுக்கடியில் சலைன் ஏற்றுவார்.

தீனிப்பை காலியாகுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வையுங்கள். நல்ல கோழியின் தீனிப்பை மாலையில் நிரம்பியிருக்கும், விடியும்போது காலியாகியிருக்கும். ஆகவே விடிந்ததும், தண்ணீர்கூட வைப்பதற்கு முன், பையைத் தொட்டுப் பாருங்கள். இறகுகளை விரலால் விலக்கி, தையலைத் தொடாமல் அதன் பக்கவாட்டில் இரண்டு விரல் நுனியை மட்டும் வையுங்கள். காலியான பை கைக்குத் தட்டுப்படாது. தளர்ந்த தோல் மடிப்பு மட்டும்தான் இருக்கும், அதற்குப் பின்னால் நெஞ்செலும்பு தெரியும். தையலைச் சுற்றிக் கொஞ்சம் தடிப்பு இருக்கும், அது புண்ணின் வீக்கம். நாளுக்கு நாள் அது குறையவேண்டும்.

காலையில் தளதளவென்று நீர் நிறைந்த பையாக இருந்தால் புளித்திருக்கிறது அல்லது பை வேலை செய்யவில்லை. மாவுபோல் பிசைபட்டால் தீனி தேங்கியிருக்கிறது. இரண்டிலும் அன்றைக்குத் தீனியை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். மாலையில் கடைசி வேளையை இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே முடித்துவிட்டால் காலையில் கை சொல்வது இன்னும் தெளிவாக இருக்கும்.

அதே நேரத்தில் எடையும் பாருங்கள். சமையலறைத் தராசு போதும். தினமும் ஒரே நேரத்தில், வெறும் வயிற்றில் நிறுத்து ஒரு தாளில் எழுதிவையுங்கள். இறகு மூடியிருப்பதால் கோழி மெலிவது கண்ணுக்குத் தெரியாது. வந்த நாளின் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அது பெரிய இழப்பு.

அடைக்கறதுக்கு முன்னாடி தினமும் பையை நீவி விட்டேன். இப்பவும் நீவலாமா?

கூடாது. தையல் பிரிக்கும்வரை நீவல், பிசைதல் எதுவும் வேண்டாம். தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்கவைப்பது எப்போதுமே கூடாது. பையிலுள்ள நீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

எச்சம் பச்சைப் பசேல்னு தண்ணியா போகுது. தொற்றா?

முதல் ஒன்றிரண்டு நாளில் இது பெரும்பாலும் பட்டினியின் நிறம். குடலில் தீனி இல்லாமல் பித்தநீர் மட்டும் இறங்கினால் எச்சம் பச்சையாகத்தான் வரும். கூழ் தீனி இறங்க ஆரம்பித்ததும் பழுப்பு திரும்பும், மேலே வெள்ளைத் தொப்பியும் சேரும். அந்த வெள்ளை, கோழியின் சிறுநீர்ப் பங்கு. அதனால் முதல் பழுப்பு எச்சத்தைக் கண்டால் சந்தோஷப்படலாம். பையிலிருந்து கடைசிவரை வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

எட்டுப் பத்து எச்சத்துக்கு ஒன்று பசையாக, கரும்பழுப்பாக, கடும் நாற்றத்துடன் வந்தால் பயப்படாதீர்கள். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது, எல்லாக் கோழிக்கும் உண்டு. நன்றாகத் தின்ன ஆரம்பித்த பிறகும் பச்சை மாறவில்லை, அல்லது ரத்தம் தெரிகிறது என்றால் எச்சத்தையே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

தையலைச் சுத்தித் தோல் பச்சையா மாறிடுச்சு. அழுகுதா?

இந்தக் கேள்வியைப் பதறிக்கொண்டு கேட்காதவர்கள் இல்லை. பெரும்பாலும் அது வெறும் கன்றல். நமக்கு அடிபட்ட இடத்தில் ரத்தம் சிதையும்போது பச்சை கொஞ்ச நேரம் வந்து, மஞ்சளாக மாறி மறையும். பச்சை நிறமியை மஞ்சளாக மாற்றும் நொதி கோழிக்கு அநேகமாக இல்லை. அதனால் அதன் கன்றல் பச்சையோடு நின்று, அப்படியே மெல்ல மங்கும். ஆபரேஷனுக்கு இரண்டு மூன்று நாள் கழித்து இது நன்றாகத் தெரியும்.

அழுகலை வேறு அடையாளங்களில் தேடுங்கள்: நாற்றம், கறுத்துக் குளிர்ந்த தோல், நாளுக்கு நாள் கூடும் வீக்கம், தோலுக்கடியில் கெட்டியாகத் திரளும் கட்டி. கோழியின் சீழ் நம்முடையதுபோல் வழியாது, பாலாடைக் கட்டிபோல் இறுகி உள்ளேயே நிற்கும். வழியவில்லை, அதனால் சீழ் இல்லை என்று நினைத்துவிடக்கூடாது.

புண்ணைத் தினமும் கழுவணுமா? என்ன மருந்து தடவலாம்?

சுத்தமாக, உலர்ந்து, ஓரங்கள் சேர்ந்து இருக்கிற தையலைப் பார்த்தால் போதும், தொடவேண்டாம். தீனி சிந்தி ஒட்டியிருந்தால் சலைனில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பொவிடோன் அயோடின் போடச் சொல்லியிருந்தால் நன்றாக நீர்த்துப் போடுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்று நினைக்கிறோம். அது புதிதாக வளரும் சதையையும் அரிக்கும். வலி மரத்துப்போகச் செய்யும் பொருள் கலந்த களிம்புகள் வேண்டாம், பறவைகளுக்கு அவை சிறு அளவிலேயே நஞ்சாகலாம்.

ஈ உட்கார விடாதீர்கள். சூடான நாட்களில் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வந்துவிடும். கோழியை வீட்டுக்குள் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருந்து கொடுக்கப் பிடிச்சாலே வாயைத் திறந்து மூச்சு வாங்குது. ஏன்?

கோழிக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போய் வெளியே வரும். பயந்துபோய் நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் மூச்சை நாமே அடைக்கிறோம். இறக்கைகளை மட்டும் துணியால் தளர்வாகச் சுற்றி, மடியில் வைத்து, ஒரு கையை அடிவயிற்றுக்கும் காலுக்கும் கீழே கொடுங்கள். நெஞ்சின் மேல் எதுவும் அழுத்தக்கூடாது.

சரியாகப் பிடித்தும் மூச்சு வாங்குகிறது, அல்லது மூச்சுக்கு மூச்சு வால் ஆடுகிறது, அல்லது கொடுத்த தண்ணீர் மூக்கு வழியாக வருகிறது என்றால் விஷயம் வேறு. அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூணு நாள்ல தெளிஞ்சிடுச்சு. ஆன்டிபயாடிக்கை நிறுத்திடலாமா? கூடத் தயிர் கொடுக்கலாமா?

எத்தனை நாள் எழுதியிருக்கிறதோ அத்தனை நாளும் கொடுங்கள். கோழி தன் நோயை மறைப்பதில் கெட்டிக்காரி. தெம்பாகத் தெரிவதை வைத்து மருந்தை நிறுத்த முடியாது.

டெட்ராசைக்ளின், என்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளைச் சுண்ணாம்புச் சத்து பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் மருந்து சேராது. அதனால் தயிர், கிளிஞ்சல் தூள் ஆகியவற்றை மருந்தோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பறவைகளால் பால் சர்க்கரையைச் சரியாகச் செரிக்க முடியாது. என்னைக் கேட்டால் தயிரைவிட மருத்துவர் தரும் பறவைகளுக்கான புரோபயாடிக் பொடி மேல்.

வலிக்குமே, நாங்க போடற மாத்திரையில கொஞ்சம் உடைச்சுக் கொடுக்கலாமா?

வேண்டாம். வலி நிச்சயம் இருக்கும், அதற்கு மருந்தும் நிச்சயம் தேவை. வலியுள்ள கோழி தின்னாது. பறவைகளுக்கு மெலாக்சிகாம் எழுதுவது வழக்கம், அளவை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்லவேண்டும். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது கொடுத்தால் சிறுநீரகம் கெடும். எழுதித் தரவில்லை என்றால் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள், தயங்கவேண்டாம்.

அஞ்சாறு நாள் கழிச்சு வாயில புளிச்ச வாடை வருது. திரும்பவும் அடைப்பா?

அடைப்பாகவே இருக்கவேண்டியதில்லை. ஆன்டிபயாடிக் நல்ல கிருமிகளையும் கொல்வதால் கேண்டிடா என்ற பூஞ்சை பைக்குள் பெருகும். காலையில் பை நீர் நிறைந்து தளதளக்கும், வாய்க்குள் வெள்ளைப் படலம் தெரியலாம். இதற்கு நிஸ்டாட்டின் போன்ற பூஞ்சை மருந்து கொடுப்பார்கள். ஆன்டிபயாடிக்கை இன்னும் நீட்டித்தால் நிலைமை மோசமாகும். தையல் உள்ள பைக்கு வினிகர், சோடா உப்பு எல்லாம் கொடுத்துப் பார்க்கவேண்டாம்.

தையல் வழியா ஈரம் கசியுது. ஒட்டுப் போடலாமா?

முதலில் என்ன கசிகிறது என்று பாருங்கள். முதல் இரண்டு நாள் நிறமில்லாத அல்லது லேசாகச் சிவந்த நீர் கொஞ்சம் வரலாம். கொடுத்த தீவனத்தின் நிறமோ மணமோ அதில் இருந்தால் உள்தையல் விட்டிருக்கிறது. தீனியையும் தண்ணீரையும் உடனே நிறுத்தி, சலைனில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, அப்போதே கிளம்புங்கள். இரவாக இருந்தாலும் காத்திருக்கவேண்டாம்.

பசை, பிளாஸ்டர் எதுவும் ஒட்டாதீர்கள். வெளியே அடைத்தால் தீனி தோலுக்கும் சதைக்கும் நடுவே பரவி அழுகும். வெளியே எதுவும் வராமல், தீனி கொடுத்த பிறகு மட்டும் தையலைச் சுற்றி வீக்கம் கூடினால் அதுவும் இதே கேஸ்தான்.

தனியா இருந்து கத்திக்கிட்டே இருக்கு. மத்த கோழிகளோட எப்போ விடலாம்?

தோல் தையலைப் பெரும்பாலும் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். அதற்கு முன் சேர்க்கவேண்டாம். கோழிகளுக்குச் சிவப்பு என்றால் கொத்தவேண்டும். ஒன்று கொத்தி ரத்தம் வந்தால் கூட்டமே சேர்ந்துகொள்ளும். ஆனால் முற்றிலும் மறைத்து வைத்தாலும் கூட்டம் அதை மறந்து, திரும்பும்போது அந்நியமாகப் பார்க்கும். மூன்றாம் நான்காம் நாளிலிருந்து, தெம்பு இருந்தால், தினமும் கொஞ்ச நேரம் கம்பிக் கூண்டோடு மற்றவற்றின் கண்ணில் படும்படி வையுங்கள். கத்தல் பாதி அடங்கும்.

தையல் பிரித்து, தோல் மூடி, வழக்கமான அளவு தின்ன ஆரம்பித்த பிறகு ஒரு சாதுவான கோழியோடு முதலில் விடுங்கள். மண் குளியலும் அதற்குப் பிறகுதான். சிறுகல் கொடுப்பதும் அப்படியே: தூள் தீவனம் தின்னும்வரை தேவையில்லை, தானியம் திரும்பும்போது சேர்த்து வையுங்கள்.

முட்டை எப்போ போடும்? போட்டா சாப்பிடலாமா?

உடம்பு தேறும்வரை முட்டை நின்றிருப்பது நல்லதுதான். இறகு உதிர்த்துப் புதிதாக முளைக்கவும் ஆரம்பிக்கலாம். அவசரப்பட்டு விளக்கு வெளிச்சத்தைக் கூட்டி முட்டைக்குத் தள்ளாதீர்கள்.

சாப்பிடுவது மருந்தைப் பொறுத்தது. ஒவ்வொரு மருந்துக்கும் முட்டையை ஒதுக்கவேண்டிய நாட்கள் உண்டு, மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சில மருந்துகளை உணவுக்காக வளர்க்கும் கோழிகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று சட்டம் உள்ள நாடுகள் உண்டு. அமெரிக்கா 2005-ல் என்ரோஃப்ளாக்சசினைக் கோழிகளுக்குக் கொடுக்க அளித்திருந்த அனுமதியை ரத்து செய்தது. ஒதுக்கும் முட்டையை மற்ற கோழிகளுக்கும் போடாதீர்கள்.

எல்லாம் ஆறிடுச்சு, ஆனா பை தொங்கிப்போய் ஆடுது. சரியாகுமா?

பல நாள் அடைத்து விரிந்த பையின் தசை பழைய இறுக்கத்துக்கு வராமல் போகலாம். பை தொங்கினால் அடியில் தீனி தேங்கும், தேங்கினால் புளிக்கும். நெஞ்சைச் சுற்றி மென்மையான தாங்கு கட்டு போட்டு, பையை மேலே தூக்கி நிறுத்தினால் சில கோழிகளுக்கு நன்றாகவே இறங்குகிறது. தையல் ஆறிய பிறகுதான் போடவேண்டும். மூச்சு தடைபடாத அளவுக்குத் தளர்வாக இருக்கவேண்டும், காரணம் மேலே பிடிக்கும் முறையில் சொன்னதுதான். இந்தக் கோழிக்கு ஆயுள் முழுக்கத் தூள் தீவனமும் காலைச் சோதனையும் தொடரட்டும்.

பக்கத்துல கோழி பார்க்கற டாக்டரே இல்ல. வீடியோ பார்த்து நாமே கிழிச்சு எடுத்துடலாமா?

செய்யாதீர்கள். மயக்க மருந்து இல்லாமல் வெட்டினால் கோழிக்கு எல்லாமே தெரியும். அது அசையாமல் கிடப்பது பயத்தில் உறைந்துபோவது, வலி இல்லாததால் அல்ல. பல நாடுகளில் இது சட்டப்படி குற்றமும்கூட. அடைப்பு ஒரே நாளில் உயிரை எடுப்பது அரிது. ஆகவே தூரத்திலிருந்தாலும் மருத்துவரைத் தேட நேரம் கிடைக்கும். கிளி, புறா பார்ப்பவரும் இந்த ஆபரேஷன் செய்வார். ஏற்கெனவே வீட்டில் செய்துவிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லி, வலி மருந்துக்கும் தொற்று மருந்துக்கும் உடனே கொண்டுபோங்கள்.

ரெண்டு மாசத்துல மறுபடியும் அடைச்சிடுச்சு. இன்னொரு ஆபரேஷன் பண்றதா, விட்டுடறதா?

முடிவெடுக்கும் முன், ஏன் அடைத்தது என்று கேளுங்கள். நீளப் புல்லையோ நூலையோ தின்றிருந்தால் காரணம் வெளியே இருக்கிறது. அதை அகற்றிவிட்டால் இரண்டாவது ஆபரேஷனும் பலன் தரும். அப்படி எதுவும் அகப்படவில்லை என்றால் பை நிற்பது வேறொன்றின் அடையாளமாக இருக்கலாம்: அரவைப்பையில் அடைப்பு, குடல் புழு, ஈய நஞ்சு, வயிற்றுக்குள் முட்டைக் கரு தேங்கிய அழற்சி, கட்டி, அல்லது தீனிப்பைக்குப் போகும் நரம்பைத் தாக்கும் மாரெக் நோய். எக்ஸ்ரே, எச்சப் பரிசோதனை, ரத்தத்தில் ஈய அளவு இவற்றைப் பார்க்காமல் மறுபடி வெட்டுவது அந்தக் கோழிக்கு வலியை மட்டுமே கூட்டும்.

காரணம் தீர்க்கமுடியாதது என்று தெரிந்து, எடை இறங்கிக்கொண்டே போய், கூட்டத்தைப் பார்த்தும் தலை தூக்காமல், பிடித்த தீனியையும் திரும்பிப் பார்க்காத நிலை வந்தால், வலியில்லாமல் போக உதவும்படி மருத்துவரைக் கேட்பது கைவிடுவது ஆகாது. இவ்வளவு நாள் அதைப் பார்த்துக்கொண்டவர் நீங்கள்தான். அந்த நிலையை மற்றவர்களுக்கு முன் நீங்களே கண்டுகொள்வீர்கள்.

கோழி இறந்துவிட்டால், முடிந்தவரை உடற்கூறு பரிசோதனைக்குக் கொடுங்கள். மாரெக்கும் ஈயமும் மிச்சமுள்ள கோழிகளையும் பாதிக்கக்கூடியவை. கொண்டுபோகும்வரை உடலைப் பையில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். உறையவைக்கவேண்டாம், உறைந்து உருகினால் திசு சிதைந்து காரணம் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும்.